பையன் "வயிறு வலிக்குது" என்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள்

14 வயதுப் பையனுக்கு விரையில் வலி வந்தால் வீட்டில் யாரிடம் சொல்வான்? அம்மாவிடம் சொல்லக் கூச்சம். அப்பாவிடம் பயம். கடைசியில் "வயிறு வலிக்குது" என்பான். நாமும் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்போம்.

விரை முறுக்கு என்று ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் டெஸ்டிகுலர் டார்ஷன் என்பார்கள். விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொடி திடீரென்று முறுக்கிக்கொள்ளும், ரத்த ஓட்டம் நின்றுவிடும். 12 முதல் 18 வயதுக்குள்தான் அதிகம் வருகிறது. நல்ல தூக்கத்தில் இருக்கும்போதுகூட வலி எழுப்பிவிடும். வாந்தி வரலாம், ஒரு பக்க விரை மேலேறி வீங்கலாம். சிலருக்கு அடிவயிற்றில்தான் வலி தெரியும். அதனால்தான் "வயிறு வலிக்குது" என்றால் "கீழே விரையிலும் வலிக்குதா?" என்று இன்னொரு கேள்வி கேட்கச் சொல்கிறேன். சுமார் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் தாண்டினால் பெரும்பாலும் விரையையே அகற்ற வேண்டிவரும். ராத்திரி வந்த வலியை ஒரு பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு விடியும்வரை மறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி மறைக்க வைக்கிற வெட்கம் அவனோடு பிறந்ததில்லை. நம் வீட்டு மௌனத்தில் இருந்துதான் அவனுக்கு வருகிறது.

பெண் பிள்ளை பெரியவளானால் அம்மா, அத்தை, பாட்டி என்று சுற்றி உட்கார்ந்து ஏதாவது சொல்லித் தருகிறார்கள். அதில் சரியும் உண்டு, தவறும் உண்டு, ஆனால் பேச்சு நடக்கிறது. பையனுக்குக் குரல் உடைந்தால் கிண்டல் மட்டும்தான். 13, 14 வயதில் நிறையப் பையன்களுக்கு மார்பு லேசாக வீங்கும். ஹார்மோன் மாற்றம்தான், பெரும்பாலும் ஓரிரண்டு வருடத்தில் தானாக வடிந்துவிடும். இது தெரியாமல் பிள்ளைகள் கிணற்றில் குளிக்கக்கூடச் சட்டையைக் கழற்றுவதில்லை.

தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் அப்படித்தான். இயல்பான விஷயம். அப்பா சொல்லாததைப் பஸ் ஸ்டாண்டுச் சுவரொட்டி சொல்கிறது: "இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா?" மாதம் ஒரு தேதி, ஒரு லாட்ஜ், ஒரு வைத்தியர். விந்து போனால் உடம்பு போச்சு என்ற பயத்திலேயே சோர்ந்துபோகும் இளைஞர்களைப் பார்த்துத்தான் மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் அந்தப் பாதிப்புக்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். அந்தப் பயத்தை விற்றுக் காசு பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

"ஆம்பளப் பையன், அவனுக்கென்ன?" என்பதும் பொய். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15-19 வயது ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

எதிரே உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டாம், தலையைக் குனிந்துகொள்வான். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது பேசுங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதே பாதிக் கூச்சத்தைப் போக்கிவிடும். "அந்த இடத்துல திடீர்னு வலிச்சா ராத்திரி ரெண்டு மணின்னாலும் என்னை எழுப்புப்பா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று நேராகச் சொல்லுங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாக்கள் இதையே போனில் சொல்லலாம். ராத்திரி எழுப்ப வேண்டியது அம்மாவையா, தாத்தாவையா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமனோ சித்தப்பாவோ பேசட்டும். யாருமே இல்லையென்றால் அம்மாவே பேசலாம், தப்பே இல்லை.