கட்டளை ஒன்றுதான், அக்கா

ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது. ஒரே ஓர் இலக்கம். அதைத் திருத்தப் போய் நேற்று என் மதியச் சாப்பாடு ஆறிப்போனது, என் ஜெராக்ஸ் கடைக்கு நகல் எடுக்க வந்தவர்கள் எல்லாம் எதிர்க்கடைக்குப் போனார்கள், எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது. கணினி வேலையை எளிதாக்குகிறது என்று இனி எவராவது கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் வேலந்தாவளம் பக்கம் வந்து சொல்லட்டும். பெஞ்சைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் வாங்காமல் விட மாட்டேன்.

உங்களுக்கும் இதே கதைதான் நடந்திருக்கும். நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆனாலும் முழக்கத்தான் போகிறேன்.

ஆத்தா ஒருவர் மனுவோடு வந்தார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, பாலக்காட்டுச் சித்தூர் நீர்ப்பாசன அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பேரன் கோயமுத்தூரில் ஏதோ ஒரு கடையில் அடித்துப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தது. மூன்று பக்கம், அதில் இரண்டு பக்கம் விவசாயிகளின் பெயரும் சர்வே நம்பரும் போட்ட அட்டவணை. ஆத்தாவின் சர்வே நம்பரில்தான் அந்தப் பிழை. தமிழில் மனு கொடுப்பது எங்களுக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. சட்டம் வழிவிட்டுவிட்டது. கம்ப்யூட்டர் வழிவிட வேண்டுமே!

கோப்பைத் திறந்தேன். அழகாகத் திறந்தது. மேலே ஒரு பட்டை: உங்கள் சந்தா முடிந்துவிட்டது. படிக்கலாம், அச்சிடலாம், திருத்தக் கூடாது. வாடகை பாக்கி என்று வீட்டுக்காரர் வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்துகொள், அடுப்பை மட்டும் பற்றவைக்காதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. முன்பெல்லாம் ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் கணினி செத்துப்போகும் வரை அது நம்முடையது. இப்போது ஒன்றை ஏழாக மாற்றுவதற்கும் ஆண்டுக் குத்தகை.

சரி, கட்டித் தொலைக்கலாம் என்று உள்ளே போனேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். நான்தானா என்று சந்தேகம் வந்து போனுக்கு ஓடிபி அனுப்பியது. எங்கள் கடையில் வாசலில் நின்றால் தமிழ்நாட்டு டவர், பின்கட்டில் நின்றால் கேரள டவர். நடுவில் நிற்கும் போனுக்குத் தான் எந்த மாநிலம் என்றே தெரியாது. ஓடிபி வரவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்றது திரை. இரண்டாவதைக் கேட்டேன், முதலாவது வந்தது. அதை அடித்தால் தவறு என்கிறது. மூன்றாவதைக் கேட்டேன்; இரண்டாவது வந்தது. கடைசியில், அளவுக்கு மீறி முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்று என்னையே கண்டித்தது. என் கடை, என் மின்சாரம், என் நாற்காலி. பிறகு வர வேண்டியது நான்.

பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாங்கினேன். அந்த நேரம் பார்த்து அந்தக் கணினி தானாகவே அணைந்து, நீலத்திரை காட்டி, புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று 27 சதவீதத்தில் தவம் செய்ய ஆரம்பித்தது. யார் கேட்டார்கள்?

"என்ன சாமி, ஒரு நம்பரைத் திருத்த இவ்வளவு நேரமா?" என்றார் ஆத்தா.

"இதோ ஆயிற்று, ஆத்தா."

ஆகவில்லை. பக்கத்து மேசையில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட பழைய லேப்டாப் இருக்கிறது. கம்பெனிகளின் கழுத்துப்பிடி பொறுக்காமல், கோயமுத்தூரில் கணினி வேலை பார்க்கும் ஒரு தம்பியின் பேச்சைக் கேட்டுப் போட்டது. இதில் சந்தா இல்லை, ஓடிபி இல்லை. லிப்ரே ஆபிஸ் என்று மனுவும் கடிதமும் அடிக்க அருமையான மென்பொருள் 2010-இலிருந்து சும்மா கிடைக்கிறது. திறந்தேன். மனு முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுர அடைப்பும். பழைய எழுத்துரு! எந்தக் கணினியிலும் எழுத்து ஒன்றுபோல் தெரிவதற்கான பொதுக் குறியீட்டு முறை யூனிகோடு; அதில் தமிழ் 1991-லேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் நம் அச்சுக்கடைகள் 2001-இல் கடைசிப் பதிப்பு வந்த பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை இன்னும் கட்டி அழுகின்றன. அதற்கு யூனிகோடு தமிழ் புரியாது என்பதால் அந்தக் காலத்து எழுத்துருவிலேயே மனுவும் கல்யாணப் பத்திரிகையும் இன்றைக்கும் பிறந்துகொண்டிருக்கின்றன.

தம்பிக்குப் போன் போட்டேன். "மிக எளிது அக்கா. எழுத்துருவைக் கொண்டுபோய் ஒரு மறைந்த கோப்புறையில் போடுங்கள். பிறகு கட்டளை ஒன்றுதான்." மறைந்த கோப்புறையாம். மறைத்து வைத்தது யார், யாரிடமிருந்து? போட்டேன். எழுத்து வந்தது. ஆனால் அட்டவணை விரிந்து, மூன்று பக்கம் ஐந்தாகி, பெயர்கள் ஒரு பக்கத்திலும் சர்வே நம்பர்கள் அடுத்த பக்கத்திலும் போய் நின்றன. ஒவ்வொரு கட்டமாக இழுத்துச் சேர்த்து, ஒன்றை ஏழாக்கினேன். ஆக்கிவிட்டேன்! ஆத்தாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். இனி அச்சிட வேண்டியதுதான் பாக்கி.

பிரிண்டர் என்றால் அந்தச் சின்ன லேசர் பிரிண்டர்தான். எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் மூலையில் உட்கார்ந்திருக்குமே, அதுதான். அதன் சூட்சுமம் தெரியுமா? அதற்குச் சொந்த புத்தி கிடையாது. கரண்ட் போனால் தான் யார் என்பதே மறந்துவிடும். ஒவ்வொரு தடவை போடும்போதும் கணினி ஒரு நிரலை உள்ளே அனுப்பி, நீ ஒரு பிரிண்டர் என்று நினைவூட்ட வேண்டும். அந்த நிரலோ கம்பெனிச் சொத்து. லினக்ஸோடு சேர்ந்து வராது, தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். மறுபடியும் போன். "கட்டளை ஒன்றுதான், அக்கா." கறுப்புத் திரை வந்தது. கடவுச்சொல் கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டது என்று கழற்றி மாட்டினேன். "அது அப்படித்தான் அக்கா, பாதுகாப்புக்காகக் காட்டாது." அதை ஒரு வரி எழுதி வைத்தால் என்ன? கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்படாதே தாயே என்று ஒரு வரி! இத்தனை ஆயிரம் பேர் உலகம் முழுக்க உட்கார்ந்து எழுதும்போது ஒருவருக்குமா தோன்றவில்லை? அதற்குப் பிறகு வந்த பிழைச் செய்தி முழங்கை நீளம். தம்பிக்குப் படித்துக் காட்டினேன். ஒரு பெருமூச்சு கேட்டது. "ஆவணத்தில் இருக்கிறது அக்கா, படித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவன் மீட்டிங்குக்குப் போய்விட்டான்.

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், லினக்ஸ் மாதிரி எவரும் பார்க்கவும் திருத்தவும் நிரலைத் திறந்து வைக்கிற இந்தச் சுதந்திர மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டர் சண்டையில் முளைத்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. தாள் சிக்கினால் அச்சிடக் கொடுத்தவர்களுக்குத் தகவல் போகும்படி அதைத் திருத்த நினைத்தார் அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஆளும் ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது என்று கைவிரித்துவிட்டார். அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் 1983-இல் குனு என்ற சுதந்திர இயங்குதளத் திட்டமானது. 2001-இல் நம் திருவனந்தபுரத்திலேயே இந்த இயக்கத்தின் இந்தியக் கிளையும் தொடங்கியாயிற்று. உலகத்தின் சர்வர்களில் பாதிக்கு மேல் லினக்ஸ்தான், ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான். எல்லாம் வந்தது. பிரிண்டர் மட்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது, நடுவில் என் ஆத்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

முடியாத காரியம் என்றாலாவது மனம் ஆறும். கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். கேரள அரசு 2001-இல் ஐடி@ஸ்கூல் திட்டம் என்று தொடங்கி, பின்னாளில் அது கைட் நிறுவனமானது. அவர்கள் லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவை எடுத்து, பாடத்துக்கு வேண்டியதை எல்லாம் சேர்த்து, ஒரே பொட்டலமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். என் அக்கா மகள் அதில் உள்ள கிம்ப் என்ற மென்பொருளில் படம் வரைகிறாள், அதை லினக்ஸ் என்று அவள் நினைப்பதுகூட இல்லை. அவளுக்கு அதுதான் கம்ப்யூட்டர். வானத்திலிருந்து இறங்கிய அறிவாளிகள் அதைச் செய்யவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு, வாத்தியார் எங்கே தடுக்கி விழுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் போட்டார்கள், அவ்வளவுதான். அதே பொட்டலத்தை நானும் நீங்களும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் என் பிரிண்டரின் முன்னால் உட்கார்ந்து பார்க்க எவருக்குச் சம்பளம்? இயங்குதளத்தின் உள்ளே இருக்கும் கருநிரலை எழுதுகிறவனுக்கு மாநாட்டில் மாலை. பொத்தான் எங்கே இருந்தால் ஆத்தாவுக்குத் தெரியும் என்று யோசிக்கிறவனுக்கு மரியாதையும் இல்லை, மாலையும் இல்லை. (ஓய்வு நேரத்தில் சும்மா எழுதித் தருகிறவர்களை இப்படித் திட்டலாமா என்று கேட்பீர்கள். நேற்று என் கடையில் இருந்திருந்தால் நீங்களும் திட்டியிருப்பீர்கள்.)

எங்கள் கடைத்தெருவில் இந்தச் சுதந்திர மென்பொருள்காரர்களுக்குப் போட்டி கம்பெனிகூட இல்லை. சர்வீஸ் கடைக்காரர்தான். பணம் கொடுத்தால் அரை மணியில் திருட்டுப் பிரதி போட்டு, பிரிண்டரையும் ஓட வைத்து, தமிழ் எழுத்துருக்களையும் கொட்டிக் கொடுப்பார். சிக்கினால் ஸ்கூட்டரில் வந்து பார்ப்பார். சுதந்திரத்துக்கு ஒரு ஸ்கூட்டர் இருந்திருந்தால் இந்தத் தெருவே எப்போதோ மாறியிருக்கும்.

இதற்குள் முதல் கணினி தவம் கலைந்து எழுந்துவிட்டது. ஆத்தா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "இதில் அச்சடிக்க வருமா, சாமி?" வரும். படிக்கலாம், அச்சிடலாம் என்றுதான் அதிலேயே போட்டிருக்கிறதே. "அப்படியே அடித்துக் கொடு." பிழையோடு அடித்துக் கொடுத்தேன். என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார், ஒன்றின் மேல் ஒரு கோடு போட்டார், பக்கத்தில் ஏழு எழுதினார், ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதிவிட்டு, சித்தூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்களாம். ஒரு கேள்வி கேட்கவில்லையாம். நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அது கிடக்கட்டும். அந்தக் கோயமுத்தூர் பஸ்ஸுக்கு என்ன வந்தது? சில நாள்களாகச் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்தப் பக்கம் ஒரு சுற்று உருண்டால் டயர் தேய்ந்துவிடுமா? டிக்கெட் மட்டும் வேலந்தாவளம் வரைக்கும் கிழிக்கத் தெரிகிறது. நேற்று தாள் கட்டு இரண்டைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தேன். கேட்டால் கண்டக்டர், எல்லை வந்துவிட்டது என்கிறார்.