சூப்பர்மேன் படக்கதை அணுகுண்டு ரகசியத்தை வெளியிட்டதா?

1945 ஏப்ரலில் அமெரிக்க நாளிதழ்களில் வெளிவந்த சூப்பர்மேன் படக்கதை, சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியைக் காட்டி அணுகுண்டின் ரகசியத்தையே அம்பலப்படுத்தியது என்றொரு தகவல் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு. அக்கதையில் சூப்பர்மேன் அந்த இயந்திரத்தின் தாக்குதலுக்கு உட்படுத்தப்பட்டதும், போர்க்காலத் தணிக்கை அலுவலகம் தலையிட்டதும் உண்மைதான். ஆனால், அமெரிக்க இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ் கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1931-லேயே இயக்கிக்காட்டி, 1939-இல் நோபல் பரிசும் பெற்றுவிட்ட கருவியில் மறைப்பதற்கு என்ன இருந்தது? சைக்ளோட்ரான் வெடிகுண்டும் அன்று. மின்னூட்டத் துகள்களைக் காந்தப்புலத்தில் சுழலவிட்டு, ஒவ்வோர் அரைச்சுற்றிலும் மின்னழுத்தத்தால் உந்தித்தள்ளுவதே அதன் வேலை. உண்மையில் ரகசியமாகக் காக்கப்பட்டது, லாரன்ஸ் அதே காந்தத் தத்துவத்தைப் பயன்படுத்தி உருவாக்கி, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆலையில், அணுகுண்டுக்குத் தேவையான யுரேனியம்-235-ஐப் பிரித்தெடுக்க நிறுவப்பட்ட கலுட்ரான் என்னும் கருவிதான். அணு ஆய்வின் பக்கம் மக்களின் கவனம் திரும்பிவிடக் கூடாது என்பதே தணிக்கையாளர்களின் கவலை. கலுட்ரானோ குண்டின் வடிவமைப்போ அந்தப் படக்கதையில் இடம்பெறவில்லை.