பிஐஎஸ் தரங்கள் இப்போது பூட்டி வைக்கப்படவில்லை

மேலே ஒரு நண்பர், "இந்தியத் தரம் ஒன்றைப் படிக்கக்கூட பணம் கட்டணும், இலவசமாகக் கொடுத்தால் பிஐஎஸ் மூட வேண்டியதுதான்" என்று எழுதியிருக்கிறார். (பிஐஎஸ் என்பது பொருள்களுக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம்; அந்த விதி ஆவணத்தைத்தான் 'தரம்' என்கிறோம்.) அவர் சொன்ன இரண்டுமே சரியில்லை.

முன்பு காசு கொடுத்துத்தான் வாங்கினோம். தரங்களை இலவசமாகக் கொடுக்கச் சொல்லி, பொது ஆவணங்கள் எல்லாருக்கும் கிடைக்கப் போராடும் அமெரிக்கரான கார்ல் மலமுத் போன்றவர்கள் 2015-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். இப்போது நிலைமை வேறு. பிஐஎஸ் தளத்தில் பெயரைப் பதிந்தால், இங்கேயே உருவான தரங்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ, ஐஇசி என்ற பன்னாட்டு அமைப்புகளின் தரங்களை அப்படியே ஏற்றுக்கொண்டவைதான் விதிவிலக்கு. அந்தப் பூட்டையும் திறக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வருமானத்துக்கு வருவோம். பிஐஎஸ்ஸுக்குப் பெரும்பகுதிப் பணம் வருவது ஐஎஸ்ஐ முத்திரை உரிமம், ஹால்மார்க் போன்ற சான்றளிப்புக் கட்டணங்களிலிருந்து. புத்தகம் விற்றுப் பிழைக்கும் நிறுவனம் அல்ல அது.

வீட்டு பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான இந்தியத் தரமான ஐஎஸ் 2347-இன்படி ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் அதை விற்கக்கூடாது என்று 2020-இல் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதாவது அந்த ஆவணம் சட்டத்தின் ஒரு பகுதி. மூடியில் உள்ள சேஃப்டி வால்வு உருகி வழிவிட வேண்டிய நேரத்தில் வழிவிடுமா என்பது அடுப்படியில் நிற்பவரின் உயிர்ப் பிரச்சினை. அவரும், குக்கர் பழுது பார்ப்பவரும் அந்த ஆவணத்தைக் காசில்லாமல் படிக்க முடிவதுதான் நியாயம்.

பதிந்து, ஐஎஸ் 2347 என்று தேடிப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.