212-வது கிலோமீட்டரில் ஒரு பஞ்சாயத்து

(நெடுஞ்சாலை ஓரம், ஒரு மரத்தடி. பைக் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது. ஓட்டி வந்தவன் பெயர் முன்சீட்டு என்று வைத்துக்கொள்வோம். முதுகுப் பையைக் கழற்றி வேரில் சாய்த்துவிட்டு ஹாயாகக் கால் நீட்டியிருக்கிறான். பின்னால் உட்கார்ந்து வந்தவன் பின்சீட்டு. இறங்கியதிலிருந்து அவன் எதிலும் உட்காரவில்லை.)

முன்சீட்டு: ஏன்டா நின்றுகொண்டே இருக்கிறாய்? உட்கார்.

பின்சீட்டு: எதை வைத்து உட்காரச் சொல்கிறாய்? 150-வது கிலோமீட்டரிலேயே அது மரத்துப்போய்விட்டது.

முன்சீட்டு: அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்கலாமே.

பின்சீட்டு: "நிறுத்து, நிறுத்து" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ இன்னும் வேகமாகப் போனாய்.

முன்சீட்டு: எனக்கு "முறுக்கு, முறுக்கு" என்றுதான் கேட்டது. பயலுக்கு வேகம் பிடித்துவிட்டது போல என்று நானும் சந்தோஷமாக ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். ஹெல்மெட்டுக்குள் காற்று இரைகிறது, அதற்காகக் காதில் இயர் பிளக் வேறு.

பின்சீட்டு: அதற்குத்தானே கிளம்பும் முன்பே பேசி வைத்தோம்? தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

முன்சீட்டு: நீ பதினாறு தட்டு தட்டினாய்.

பின்சீட்டு: எட்டு தடவை நிறுத்தச் சொன்னேன்!

முன்சீட்டு: நான் ஏதோ தாளம் போடுகிறாய் என்று நினைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பின்சீட்டு: சரி, அதை விடு. ஊர் உலகத்தைப் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டாயே, இந்த 212 கிலோமீட்டரில் நான் பார்த்தது உன் ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும்தான். அதில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, அதன் இடது மூலை 90-வது கிலோமீட்டரில் உரிய ஆரம்பித்தது, கண் எதிரே நடந்தது, இந்தப் பயணத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி நடந்த ஒரே சம்பவம் அதுதான்.

முன்சீட்டு: மலை வந்ததே?

பின்சீட்டு: மலையை நீ பார்த்தாய். உன் தலையை நான் பார்த்தேன். நீ பிரேக் பிடிக்கும்போதெல்லாம் என் ஹெல்மெட் உன் ஹெல்மெட்டில் போய் 'டொக்'. மொத்தம் 41 டொக். வேறு வேலை இல்லை, எண்ணினேன்.

முன்சீட்டு: பிரேக் பிடித்தால் டேங்கில் கையை ஊன்றிக்கொள் என்று சொன்னேனே.

பின்சீட்டு: ஊன்றினேன். உள்ளே அமுங்கியது. டேங்க் அமுங்காதே என்று யோசித்த பிறகுதான் அது உன் தொப்பை என்று தெரிந்தது.

முன்சீட்டு: பேசுவாய்டா! விடிவதற்கு முன்னால் சாலையே தெரியாமல் ஓட்டியவன் நான். நீ ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. எந்த மரத்தில் எந்தப் பறவை தூங்குகிறது என்று தெரிகிறது, எதிரில் குழி இருப்பது தெரியவில்லை.

பின்சீட்டு: பின்னால் ஆள் ஏறினால் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கி வைக்க வேண்டும், பின் டயரில் காற்று கூட்ட வேண்டும். பைக்கோடு வந்த கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

முன்சீட்டு: அதை நீ எப்போது படித்தாய்?

பின்சீட்டு: 120-க்கும் 140-க்கும் நடுவில். உன் பையின் ஜிப் திறந்திருந்தது.

முன்சீட்டு: எவ்வளவு காற்று என்று போட்டிருந்தது?

பின்சீட்டு: அது அடுத்த பக்கம். காற்றில் போய்விட்டது.

முன்சீட்டு: (தலையில் அடித்துக்கொண்டு) பெட்ரோல் வேறு கணக்குக்கு மேல் குடித்திருக்கிறது. எல்லாம் உன் எடை.

பின்சீட்டு: எடை இல்லை, உன் கை. 80-இல் போகிற வண்டி 100-இல் போனால் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். அப்புறம் பெட்ரோல் எப்படி நிற்கும்?

முன்சீட்டு: நீதானே முறுக்கச் சொன்னாய்!

பின்சீட்டு: நிறுத்தச் சொன்னேன்!

முன்சீட்டு: உனக்குப் பொறுமையே இல்லை. எமிலியோ ஸ்கோட்டோ என்று ஓர் அர்ஜென்டினாக்காரர், 1985-இல் கிளம்பி 1995 வரை ஒரே ஹோண்டா கோல்ட் விங்கில் 7,35,000 கிலோமீட்டர் போனார். பத்து வருஷம்! நீ 212-க்கே அழுகிறாய்.

பின்சீட்டு: அவர் ஓட்டினார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டு போனால் நானும்தான் போவேன். எனக்கும் ஒரு கதை தெரியும். 1912-இல் கார்ல் ஸ்டெர்ன்ஸ் க்ளான்சி என்ற அமெரிக்கர் ஹெண்டர்சன் பைக்கில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார், கூடவே ஒரு நண்பர். அந்த நண்பர் எதுவரை போனார் தெரியுமா?

முன்சீட்டு: எதுவரை?

பின்சீட்டு: பாரிஸ். அதோடு கழன்றுகொண்டார். க்ளான்சி மட்டும் போய் 1913-இல் முடித்தார். இத்தனைக்கும் அந்த நண்பருக்குத் தனி பைக்.

முன்சீட்டு: அதனால்?

பின்சீட்டு: என் பாரிஸ் இந்த மரத்தடி.

முன்சீட்டு: டேய்... பாதி வழியில் விட்டுவிட்டா போவாய்?

பின்சீட்டு: யார் போகிறேன் என்றது? சாவியைக் கொடு. அந்த ஹெல்மெட்டை நீயே வைத்துக்கொள், இயர் பிளக்கை மட்டும் இங்கே தா.

(12 கிலோமீட்டர் கழித்து. பைக் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பழைய முன்சீட்டு திடீரென்று தன் முதுகைத் தடவிப் பார்க்கிறான். தோளில் இரண்டு தட்டு. அப்புறம் பதினாறு.)

பழைய முன்சீட்டு: நிறுத்துடா! பை! பை!

பழைய பின்சீட்டு: யாருக்குடா?

பழைய முன்சீட்டு: மரத்தடியில்... பை! பை!

பழைய பின்சீட்டு: ஓ, அந்த மரத்துக்கா? (இடது கையைத் தூக்கி ஆட்டுகிறான்) பை பை!

(முறுக்குகிறான்.)