பலகையின் தடிமனை மட்டும் நம்ப வேண்டாம்

“12 மி.மீ. பிளைவுட்டுக்குப் பதில் 18 மி.மீ. போட்டால் போதும், நான்கடி நீளத்துக்கு நடுவில் தாங்கு தேவையில்லை” என்று அலமாரித் தட்டு பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். பட்டறை அலமாரிக்கு இது பொருந்தாது.

தடிமன் ஒன்றரை மடங்கானால் பலகையின் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, சுமார் 3.4 மடங்காகும். உண்மைதான். ஆனால் பாரம் சீராகப் பரவியிருக்கும்போது, தாங்குகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். நடுவில் ஒரு பிராக்கெட் தரும் பலன் இது. அதை விட்டுவிட்டுத் தடித்த பலகைக்குச் செலவழிப்பானேன்? 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றே 25 கிலோவைத் தாண்டும். மரம் பாரத்தில் நாளாக ஆக மேலும் தொய்யும். முதல் நாள் நேராக நிற்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

நடுவில் தாங்கு வைக்க வழியே இல்லையா? பலகையின் முன்விளிம்பில் இரண்டு அங்குல உயரமுள்ள மரச்சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, பசை தடவி ஸ்குரூ போடுங்கள். முக்கால் அங்குலத் தடிமனே போதும். ஓரடி அகலப் பலகை முழுவதும் தரும் விறைப்புக்கு அந்த ஒரு சட்டமே ஈடு கொடுக்கும். பின்விளிம்பைச் சுவரில் அடித்த ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) தாங்கட்டும். பிளைவுட்டின் மேல்தாளில் தெரியும் மர இழை பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்காக அல்ல.

பிராக்கெட்டுக்கோ ரீப்பருக்கோ ஸ்குரூவைப் பிடிக்கும் பிளக்கைச் சுவரில் இறக்கும்போது, சிமென்ட் பூச்சின் ஆழத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும் நீளம்தான் பிடிமானம். துளையிடுகையில் சிவப்புத் தூள் வருகிறதா என்று பாருங்கள்; சாம்பல் தூளோடு நின்றால் இன்னும் செங்கல்லைத் தொடவில்லை.