வில்லுப்பாட்டு என்று சொன்னால் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் குறையுமா? பரவும் தகவல் தவறு

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் (IELTS) பேச்சுத் தேர்வில் இசை பற்றிக் கேட்டால் மேற்கத்திய இசையைத்தான் சொல்ல வேண்டுமாம்; நம்மூர் இசையைச் சொன்னால் மதிப்பெண் போகுமாம்; கூடவே வரும் வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்தால் பேண்ட் (அந்தத் தேர்வின் மதிப்பெண் நிலை) 8 உறுதியாம்.

மூன்றுமே தவறு. தேர்வாளர் பார்ப்பது நான்கு: தடையின்றிக் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. எந்த இசை பிடிக்கும் என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. வில்லுப்பாட்டையே சொல்லுங்கள். வில்லில் மணி கட்டி, கோலால் தட்டி, கோயில் கொடை விழாவில் கதை பாடுவதை எளிய ஆங்கிலத்தில் விளக்கினால் அதுவே சொல்வளம். 'மெலடி', 'ரிதம்', 'லிரிக்ஸ்', 'லைவ் பெர்ஃபார்மன்ஸ்' போன்றவை பேச்சோடு வந்தால் நல்லது. பட்டியலை ஒப்பித்தால் தேர்வாளருக்குத் தெரிந்துவிடும், பேண்ட் இறங்கவும் செய்யும். பேச்சுத் தேர்வே மொத்தம் 11 முதல் 14 நிமிடம்தான், இதில் எத்தனை வார்த்தையைத் திணிப்பது?

ஐஇஎல்டிஎஸ் அதிகாரபூர்வ இணையதளத்தில் பேச்சுத் தேர்வுக்கான பேண்ட் விளக்க அட்டவணை இலவசமாகவே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.