அந்நாட்களில் ராஜா இல்லை

(ரங்கூன், தாம்வே. அடுக்குமாடிப் படிக்கட்டு. முறைவைத்து விடும் கரண்டு இப்போதுதான் வந்திருக்கிறது. நான் குடியிருப்பது ஆறாம் மாடி. ஆகவே பாரபட்சம் உண்டு.)

தேவசகாயம்: எல்லாத்துக்கும் ஒரே காரணம்தான்மா. அந்நாட்களில் ராஜா இல்லை.

ரோசம்மா: இந்நாட்களிலும் இல்லையே மாமா. பெகுவுக்குப் போய் ரெண்டு மாசமாச்சு. அஞ்சாம் மாடிக்கு நான் குடம் தூக்குறேன்.

தேவசகாயம்: வாட்ச்மேன் ராஜா இல்லம்மா! வேதத்துல நியாயாதிபதிகள் 21:25. "அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்."

ரோசம்மா: அதேதான்! ஒருத்தர் படியெல்லாம் குன்யா வெத்திலை எச்சில் துப்புறார். ஒரு அம்மா குப்பையை ஜன்னல் வழியா அனுப்புது. ராஜா இருந்தா விடுவானா?

தேவசகாயம்: வேதத்தைச் சொல்றேன்! கர்த்தர் ஆளாத வீடு என்னாகும்? அதே புஸ்தகத்துல வர்ற மீகாவைப் பாரு. பெத்த தாயோட 1,100 வெள்ளிக்காசைத் திருடுறான். ஒத்துக்கிட்டதும் அந்தம்மா ஆசீர்வாதம் பண்ணுது. திருப்பிக் கொடுத்ததும் 200 காசை எடுத்து விக்கிரகம் செய்யக் கொடுக்குது.

ரோசம்மா: மிச்சம் 900?

தேவசகாயம்: ...அது எழுதலை.

ரோசம்மா: மோட்டார் ரிப்பேருக்கு வசூல் பண்ணீங்களே, அதுலயும் மிச்சம் எழுதலை மாமா.

தேவசகாயம்: பேச்சை மாத்தாதே. அப்புறம் வீட்டுக்கே லேவி கோத்திரத்தான் ஒருத்தனை ஆசாரியனா வச்சிக்கிறான். வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசு, துணிமணி, சாப்பாடு.

ரோசம்மா: ராஜாவுக்கு நாம அதுகூடக் கொடுக்கலையே. அதான் போயிட்டான்.

தேவசகாயம்: எந்த ராஜாவும் வேண்டாம்கிறேன்! ஜனங்க ஆளச் சொன்னப்போ நியாயாதிபதி கிதியோன் என்ன சொன்னார்? நான் ஆளமாட்டேன், கர்த்தரே ஆளட்டும்னார்.

ரோசம்மா: சொல்லிட்டு, பிள்ளைக்கு அபிமெலேக்குன்னு பேர் வச்சார். "என் அப்பா ராஜா"ன்னு அர்த்தம். ஓய்வுநாள் பள்ளியில நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க.

தேவசகாயம்: நல்லா ஞாபகம் வச்சிருக்கியே...

ரோசம்மா: நீங்களும் "தலைவர் பதவி வேண்டாம், கர்த்தர் பாத்துப்பார்"னீங்க. மோட்டார் ரூம் சாவி யார் இடுப்புல இருக்கு?

தேவசகாயம்: அது பத்திரத்துக்கும்மா.

ரோசம்மா: கரண்டு வந்தா முதல்ல உங்க தொட்டி. அது வழிஞ்சு தெருவுல ஓடினாத்தான் எங்க வால்வைத் திறக்குறீங்க.

தேவசகாயம்: தண்ணின்னா கீழேயிருந்துதானேம்மா மேலே ஏறும்!

ரோசம்மா: ஏறட்டும். சாவியைக் கொடுங்க.

(கரண்டு போகிறது. கும்மிருட்டு.)

தேவசகாயம்: சாவியா? பார்வைக்கு ஒண்ணும் தெரியலையேம்மா.